பெஸ்ட் டைமிங் வந்தாச்சு. சூட்டோடு சூடாக இன்னொரு மாரத்தானா?

மார்கழி விடிகாலையில் காவிரிப் பாலத்தில் போய் நின்றால், திருச்சியில் ஓட்டம் எவ்வளவு வேர்விட்டிருக்கிறது என்பது தெரியும். சத்திரம் பக்கமிருந்து வருகிறவர்கள் பாலத்தைத் தாண்டி, மாம்பழச்சாலை வழியாக ஸ்ரீரங்கத்துக்குள் நுழைகிறார்கள். வாசலில் குனிந்து கோலம் போடுகிறவர்களுக்கு வழிவிட்டு சித்திரை வீதியைச் சுற்றி வருகிறார்கள். இவர்களில் பலருக்கு ஜனவரியில் சென்னை மாரத்தான் இருக்கும். அதே மாதத்தில் மும்பை மாரத்தானும் வந்துவிடும். 2025இல் சென்னை 5ஆம் தேதி, மும்பை 19ஆம் தேதி. நடுவில் பதினான்கே நாள்.

சென்னையில் வாழ்நாளின் சிறந்த நேரத்தைத் தொட்டவர் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பும்போதே, ஏற்கெனவே பணம் கட்டி வைத்த மும்பை மனதுக்குள் ஓடத் தொடங்கிவிடும். அந்த ஆசையில் தப்பில்லை. அதற்குத் துணையாக நாம் சொல்லிக்கொள்ளும் காரணங்களில்தான் கோளாறு இருக்கிறது.

நம்பிக்கை: உடம்பு இப்போது உச்சத்தில் இருக்கிறது. உடனே ஓடினால் டைமிங் இன்னும் குறையும்.

உண்மை: உடம்பு உச்சத்தில் இருந்தது சென்னையில் கிளம்பும் கோட்டில் நின்ற அந்த நிமிடத்தில். பல மாத லாங் ரன்களும், கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்து எடுத்த ஓய்வும் சேர்ந்து கொடுத்த பலம் அது. 42.195 கிலோமீட்டரில் அதைச் செலவழித்தாகிவிட்டது. நிதானமாக ஓடி முடித்தவரைவிட, கடைசிக் கிலோமீட்டர்களில் பல்லைக் கடித்து நொடி நொடியாக மீட்டவர் கூடுதலாகச் செலவழித்திருக்கிறார். ஆகவே சிறந்த நேரம் வந்த ஓட்டத்துக்குப் பிறகுதான் அதிக ஓய்வு தேவை. பதினான்கு நாளில் புதிதாகத் திறன் எதுவும் சேர்ந்துவிடாது.

நம்பிக்கை: மூன்றே நாளில் வலி போய்விட்டது. கால் தயார்.

உண்மை: மாரத்தான் ஓடிய மறுநாள் காவிரிக்கரை அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கிப் பாருங்கள். ஏறுவது எப்படியோ முடிந்துவிடும். இறங்கும்போதுதான் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, பிடித்துக்கொள்ள எதையாவது தேட வேண்டிவரும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. தசை நார்களை அதிகம் சேதப்படுத்துவது இந்த வகை வேலைதான். ஓடும்போது கால் தரையில் படும் ஒவ்வொரு முறையும் இதுவே நடக்கிறது. நான்கு மணி நேரத்தில் முடிப்பவருக்கு அது சுமார் 40,000 காலடி.

சேதமான தசையிலிருந்து கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி இரத்தத்தில் கலக்கிறது. முதல் ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும் அதன் அளவு, பழைய நிலைக்கு இறங்க ஒரு வாரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். 1980களில் மாரத்தான் ஓடியவர்களின் காலிலிருந்து தசைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். வலி நின்று பல நாள் கழித்தும் சேதம் தெரிந்தது. பழுது பார்க்கும் வேலை வாரக்கணக்கில் நீண்டது. தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அது தேற இன்னும் நாளாகும். மும்பையின் பெடர் ரோடு ஏற்றத்தில் கணக்கு கேட்கப்போவது இந்தத் தொடையும் தசைநாணும்தான். பாலத்தைத் தவிர ஏற்றமே பார்க்காத திருச்சிக் கால்களுக்கு அது இன்னும் கடினம்.

நம்பிக்கை: இரண்டு வாரம் விட்டால் உழைத்ததெல்லாம் வீண்.

உண்மை: நன்கு பயிற்சி பெற்றவர் ஓட்டத்தை அடியோடு நிறுத்தினாலும், முதல் இரண்டு மூன்று வாரங்களில் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் சில விழுக்காடுதான் குறைகிறது. நடை, நீச்சல், இரண்டாவது வாரத்தில் கொஞ்சம் மெதுவோட்டம் என்று இருந்தால் இழப்பு இன்னும் குறைவு. அதையும் திரும்பப் பெற்றுவிடலாம். ஆறாத காலோடு ஓடி எலும்பில் விரிசல் வாங்கினால் போவது மாதங்கள்.

நம்பிக்கை: யூகி கவாவுச்சி ஓடினாரே!

உண்மை: ஓடினார். அரசுப் பணியில் இருந்துகொண்டே உலகத் தரத்தில் ஓடிய ஜப்பானியர் அவர். 2013 டிசம்பரில் ஃபுகுவோகாவில் 2:09:05; இரண்டே வாரத்தில் ஹோஃபுவில் 2:09:15. அதே ஆண்டு பிப்ரவரியில் பெப்பு-ஓயிட்டாவில் 2:08:15 என்று தன் சிறந்த நேரத்தை எட்டியவர், ஆறு வாரம் கழித்து சியோலில் அதை மேம்படுத்தினார். எவ்வளவு? ஒரு நொடி. அதன் பிறகு ஓயாமல் மாரத்தான்கள் ஓடியும், 2018இல் பாஸ்டனையே வென்றும், அந்த நேரத்தை அவரால் 2021 வரை குறைக்க முடியவில்லை. அடிக்கடி ஓட முடியும் என்பதற்கு அவர் சாட்சி. அடிக்கடி ஓடினால் நேரம் குறையும் என்பதற்குச் சாட்சி அல்ல.

நேரத்தைக் குறைத்துக்கொண்டே போன கெல்வின் கிப்டமைப் பாருங்கள். 2022 டிசம்பரில் வலென்சியா 2:01:53, 2023 ஏப்ரலில் லண்டன் 2:01:25, அக்டோபரில் சிகாகோவில் உலக சாதனையாக 2:00:35. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நான்கு மாதத்துக்கு மேல் இடைவெளி விட்டார்.

தடகளத்தில் அடுத்தடுத்துச் சுற்றுகள் ஓடுகிறார்களே என்றும் சிலர் கேட்பார்கள். லால்குடிப் பக்கத்திலிருந்து போய் 2014 ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் வென்ற ஆரோக்கிய ராஜீவ் நமக்கெல்லாம் பெருமை. ஆனால் 45 நொடி ஓட்டத்தின் களைப்பையும் நான்கு மணி நேர ஓட்டத்தின் சேதத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நம்பிக்கை: நன்றாகச் சாப்பிட்டு, ஒரு வலி மாத்திரையும் போட்டுக்கொண்டால் ஓடிவிடலாம்.

உண்மை: சோறும் இட்லியும் தசையில் தீர்ந்துபோன கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பைச் சில நாளில் நிரப்பிவிடும். கிழிந்த நாரை அந்த வேகத்தில் தைக்க எந்த உணவாலும் முடியாது. வலி மாத்திரை இன்னும் மோசம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். வியர்த்து நீர்ச்சத்து வற்றிய உடம்பில், தசைச் சேதமும் சேர்ந்திருக்கும்போது, அது விஷப்பரீட்சை. ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்படியானால் இரண்டாவது ஓட்டமே கூடாதா? ஓடலாம், கடிகாரத்தை மறந்து. 1974 காமன்வெல்த் போட்டியில் 41 வயதில் 2:11:18 ஓடி வெள்ளி வென்ற நியூசிலாந்தின் ஜாக் ஃபாஸ்டர், போட்டியில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் என்று கணக்கு வைத்திருந்தார். மாரத்தானுக்கு 26 நாள். அதுவரை போட்டி வேகம் கிடையாது. இது ஆய்வகத்தில் பிறந்த விதி அல்ல, அனுபவக் கணக்கு. ஆனாலும் முதல்முறை ஓடுகிறவர் முதல் மூத்தவர் வரை எல்லோருக்கும் பொருந்தும்.

மும்பைக்குப் போய்த்தான் தீர வேண்டும் என்றால், கிலோமீட்டருக்கு ஒரு நிமிடமாவது மெதுவாக, முதல்முறை ஓடும் நண்பருக்குத் துணையாக ஓடுங்கள். விடிந்து எழும்போது நாடித் துடிப்பு வழக்கத்தைவிடக் கூடியிருந்தாலோ, தூக்கம் கெட்டிருந்தாலோ, எலும்பில் விரல் வைத்து இங்கேதான் என்று காட்டும்படி வலித்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, கிளம்பவே வேண்டாம். கட்டிய பணம் போனால் போகட்டும்.

ஓட்டக் குழுக்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. அடுத்தடுத்து ஓடுகிறவருக்கு வாட்ஸ்அப்பில் கைதட்டல் குவிகிறது. ஓய்வெடுப்பவரை யாரும் கண்டுகொள்வதில்லை. மும்பையை இந்த வருஷம் விட்டுவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், பயந்துவிட்டார் என்று கேலி செய்யாமல், நல்ல முடிவு என்று நாலு பேர் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை ஒருவருடைய முழங்காலைப் பல வருஷத்துக்குக் காப்பாற்றும்.