சந்தோஷ ஞாபகம் ஏன் வர மாட்டேங்குது?

ஒரு சின்னப் பரிசோதனை. ‘மகிழ்ச்சி’ என்ற வார்த்தையைக் கேட்டதும், உங்கள் வாழ்க்கையில் ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்த ஒரு சம்பவத்தை அரை நிமிடத்துக்குள் சொல்லுங்கள், பார்க்கலாம்!

ஏற்காடு போய் வந்த ஒரு தம்பதியிடம் இதைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். கணவர் சொல்கிறார்: ‘‘ஒண்டிக்கடைல பஸ்ஸை விட்டு இறங்கினோம். ஒரே மூடுபனி. எதிர்ல வர்ற ஆள் தெரியல. சின்னவ என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அப்பா, மேகம் கீழ விழுந்துடுச்சு’ன்னா. சூடா மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்னோம்.’’

மனைவி சொல்கிறார்: ‘‘ஏற்காடு நல்லாத்தான் இருக்கும். லீவு விட்டா எங்கயாவது போவோம்...’’

போனது ஒரே இடம்தான். ஆனால், இரண்டாவது பதிலில் நாளும் இல்லை, ஆளும் இல்லை, பஜ்ஜியின் வாசனையும் இல்லை. எப்போதாவது இப்படிப் பேசினால் கவலை வேண்டாம். கேட்கும்போதெல்லாம் இப்படியே பதில் வந்தால், அதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பொத்தாம்பொதுவான நினைவு

இங்கிலாந்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர்கள் மார்க் வில்லியம்ஸும் கீத் பிராட்பென்ட்டும் 1986-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லி, சொந்த அனுபவம் ஒன்றைக் கேட்டார்கள். வந்த பதில்களில் பல பொத்தாம்பொதுவாகவே இருந்தன. அதிலும், சந்தோஷமான வார்த்தைகளுக்குத்தான் அவர்கள் அதிகம் தடுமாறினார்கள். மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடமும் இதே குறை இருப்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

ஏன் இப்படி? நினைவைத் தேடும்போது மனம் முதலில் ‘லீவு நாட்கள்’ என்ற பொதுவான படியில் நிற்கும். பிறகு, ‘அந்த மழைக்கால ஞாயிற்றுக்கிழமை’ என்று கீழே இறங்கும். மனச்சோர்வில் இருப்பவருக்குப் பாதிப் படியிலேயே, ‘நான் எதுக்குமே லாயக்கில்லை’ என்ற எண்ணச் சுழல் இழுத்துக்கொள்ளும். பழைய வேதனை கிளறப்படுமோ என்ற பயத்திலும் மனம் இறங்க மறுக்கலாம்.

இதனால் என்ன நஷ்டம்? ‘போன தடவை இப்படி ஆனப்ப இன்னது செஞ்சு சமாளிச்சேன்’ என்ற பாடம் கைக்குக் கிடைக்காது. நேற்று தெளிவாக இல்லாதவருக்கு நாளையும் மங்கலாகவே தெரியும்.

எட்டு வாரப் பயிற்சி

அமெரிக்காவில் ஜான் கபட்-ஜின் 1979-ல் மன அழுத்தம், நாள்பட்ட வலி ஆகியவற்றுக்காக ஒரு தியானப் பயிற்சியைத் தொடங்கினார். அதை அடிப்படையாக வைத்து, மனச்சோர்விலிருந்து தேறியவர்களுக்கு அது திரும்ப வராமல் தடுக்க செகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய மூவரும் எட்டு வாரச் சிகிச்சை ஒன்றை வகுத்தார்கள்.

2000-ல் வெளியான ஆய்வில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மனச்சோர்வு கண்டவர்களில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 66 சதவிகிதத்தினருக்கு நோய் திரும்பியது. இந்தப் பயிற்சியையும் சேர்த்துப் பெற்றவர்களில் 37 சதவிகிதம்தான். இரண்டு முறை மட்டுமே வந்தவர்களுக்கு இந்தப் பலன் தெரியவில்லை. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், பயிற்சிக்குப் பிறகு பொத்தாம்பொதுவான நினைவுகள் குறைந்திருந்தன.

இந்த ‘விழிப்பு நிலை’க்குப் பாலி மொழியில் ‘சதி’ என்று பெயர். ‘ஸ்மிருதி’ என்ற வடசொல்லின் உறவு அது. நினைவு என்பதே அதன் மூலப் பொருள்!

வீட்டில் செய்து பார்க்க...

● முதல் வகுப்பில் ஒரே ஒரு உலர்ந்த திராட்சையைக் கொடுப்பார்கள். நீங்கள் ஓர் ஆரஞ்சுச் சுளையில் தொடங்கலாம். பாருங்கள், முகருங்கள், நாக்கில் வைத்து மெதுவாகக் கடியுங்கள். மனம் வேறெங்காவது ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டி வாருங்கள்.

● தினமும் மூன்று நிமிடம்: இப்போது மனதில் என்ன ஓடுகிறது என்று கவனியுங்கள். பிறகு மூச்சை மட்டும் கவனியுங்கள். கடைசியாக, உடல் முழுவதையும் கவனியுங்கள். ‘நான் தோத்துட்டேன்’ என்று தோன்றினால், அது ஓர் எண்ணம், தீர்ப்பு அல்ல.

● வீட்டில் உள்ளவர்கள், ‘‘எல்லாம் இருக்கு, உனக்கென்ன குறைச்சல்?’’ என்று கேட்காதீர்கள். ‘‘அன்னிக்கு ஒண்டிக்கடைல இறங்கினதும் பாப்பா என்ன சொன்னா?’’ என்று குறிப்பாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

எச்சரிக்கை

இது மாத்திரைக்கு மாற்றாக நீங்களே எடுத்துக்கொள்ளும் மருந்து அல்ல. சாப்பிட்டுவரும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். கண்ணை மூடி உட்கார்ந்தால் பழைய பயங்கள் பொங்கி வருகின்றனவா? பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்திருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். ‘உயிரோட இருந்து என்ன?’ என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். அவரைத் தனியே விடாமல், மத்திய அரசு 2022-ல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416-ஐ உடனே அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.