பம்பர் விரிசலை ஒட்டினால் போதுமா?

மாணவர்களே, நீங்கள் பள்ளிக்குப் போய்வரும் வேனுக்கு என்ன வயது என்று கேட்டிருக்கிறீர்களா? இருபது வயதைத் தாண்டிய வேன்கள் இன்றும் நம் சாலைகளில் ஓடுகின்றன.

அப்படிப்பட்ட ஒரு வேன், பள்ளி வாசலில் உள்ள சிமெண்டுக் கம்பத்தில் மெதுவாக இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் அடி இல்லை. முன் பம்பரில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். வேன் அங்கிள் கடையில் பசை வாங்கித் தடவுகிறார். ஒரு வாரம் கழித்து அதே இடம் மறுபடியும் பிளந்துகொள்கிறது. பசை மட்டமானதா? இல்லை. நல்ல பசையாக இருந்தாலும் அந்த இடத்தில் பிடித்திருக்காது. ஏன் என்று பார்ப்பதற்கு முன், பம்பர் எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

பம்பர் செய்யும் வேலை

நான்காம் படிவ இயற்பியலில் மொமெண்டம் என்று படிக்கிறீர்களே, அந்த உந்தத்தை நினைவுபடுத்துங்கள். ஆட்களோடு சேர்த்து வேனின் பொருண்மை 1,500 கிலோகிராம் என்போம். வேகம் வினாடிக்கு 2 மீட்டர், அதாவது மணிக்கு 7.2 கிலோமீட்டர். உந்தம் 1,500 × 2 = 3,000. வேன் நிற்க வேண்டுமானால் இந்த உந்தம் முழுவதும் பூஜ்யமாக வேண்டும்.

0.05 வினாடியில் நின்றால், சராசரி விசை 3,000 ÷ 0.05 = 60,000 நியூட்டன். பம்பர் கொஞ்சம் வளைந்து கொடுத்து, நிற்கும் நேரத்தை 0.15 வினாடியாக நீட்டினால், விசை 20,000 நியூட்டன்தான். மூன்றில் ஒரு பங்கு! முதல் கணக்கில் வேன் நிற்பதற்கு 5 சென்டிமீட்டர் தூரம் போதும். இரண்டாவதில் 15 சென்டிமீட்டர் தேவை. அந்தப் பத்து சென்டிமீட்டரை வளைந்து கொடுப்பதுதான் பம்பரின் வேலை.

ஆனால் இது குறைந்த வேகத்துக்கு மட்டுமே பொருந்தும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வினாடிக்கு 2 மீட்டரில் 3,000 ஜூல். 20 மீட்டரில் 3,00,000 ஜூல். வேகம் பத்து மடங்கு கூடினால் ஆற்றல் நூறு மடங்கு. அதை எந்தப் பம்பரும் தாங்காது.

பழைய வேன்கள் பலவற்றில் இன்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கும். காரைப் போல நீண்ட முன்பகுதி கிடையாது. ஓட்டுநரின் முழங்கால், பம்பருக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது. ஆகவே பம்பருக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று பார்க்காமல் விரிசலை மட்டும் மூடுவது ஆபத்து.

கழற்றும் முறை

இது பெரியவர்களும் பட்டறை போமனும் செய்யும் வேலை. நீங்கள் பக்கத்தில் இருந்து உதவலாம். வேனைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனை வயரைக் கழற்ற வேண்டும். பம்பரில் விளக்குகள் இருந்தால் அவற்றுக்கு மின்கம்பிகள் போகும்.

அடுத்து, போல்ட்டுகளைத் தேட வேண்டும். சில முன்பக்கம் தெரியும். சில சக்கர வளைவுக்குள்ளும் பம்பருக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுங்கள். பிளாஸ்டிக் கிளிப் இருந்தால் நடு ஊசியை முதலில் மேலே கிளப்பி, பிறகு முழுக் கிளிப்பையும் இழுக்க வேண்டும். விளக்கின் இணைப்பைக் கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்கக்கூடாது. இணைப்பியைப் பிடிக்க வேண்டும்.

பழைய வண்டியில் பெரிய தொல்லை துருதான். இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து உண்டாகும் துரு, அது உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் போல்ட்டின் மரைகளுக்கு நடுவே ஆப்பு வைத்தது போல இறுகிவிடும். முதல் நாள் இரவே ஊடுருவும் எண்ணெயைத் தெளித்துவிட்டால், அது நுண்ணிய இடைவெளிகளில் நுண்புழை விளைவால் உள்ளே ஏறும். மறுநாள் திருகும்போது உடனே தளர்த்தாமல், முதலில் இம்மியளவு இறுக்கிப் பார்ப்பார் அனுபவமுள்ள போமன். துருவின் பிடி உடைந்த பிறகுதான் தளர்த்துவார்.

ஸ்பேனரின் நீளத்தையும் கவனியுங்கள். 20 சென்டிமீட்டர் ஸ்பேனரில் 200 நியூட்டன் கொடுத்தால் திருப்புத்திறன் 40 நியூட்டன் மீட்டர். 40 சென்டிமீட்டர் என்றால் அதே கைபலத்தில் 80. வேலை சுலபமாகும், ஆனால் துருவால் மெலிந்த போல்ட் முறிந்தும் போகலாம்.

கடைசி இரண்டு போல்ட்டுகளைக் கழற்றும்போது இருபுறமும் ஆளுக்கு ஒருவர் பம்பரைத் தாங்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது?

பல வேன்களில் நாம் வெளியே பார்ப்பது பிளாஸ்டிக் உறைதான். அதற்குப் பின்னால் எஃகுச் சட்டமும், அதைச் சேசியோடு பிணைக்கும் தாங்கிகளும் இருக்கும். மோதலைத் தாங்குவதில் இவற்றுக்கே பெரும்பங்கு. சட்டம் வளைந்திருக்கிறதா, தாங்கியில் துரு ஓட்டை போட்டிருக்கிறதா என்று இப்போதுதான் பார்க்க முடியும்.

வளைந்த சட்டத்தைச் சுத்தியால் தட்டி நேராக்கினால் ஆகாதா? ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து நிமிர்த்துங்கள். மறுபடி வளைக்கும்போது அதே இடத்தில் வளைவது கடினம். பல முறை செய்தால் முறிந்துவிடும். மீள்தன்மை எல்லையைத் தாண்டி வளைந்த உலோகம், அந்த இடத்தில் கடினமாகி நொறுங்கும் இயல்பைப் பெறுகிறது. எனவே சட்டமோ தாங்கியோ நன்றாக வளைந்திருந்தால் மாற்றுவதே முறை.

இது எந்த பிளாஸ்டிக்?

இனி உறைக்கு வருவோம். 1972-இல் வெளிவந்த ரெனோ 5 கார், கண்ணாடி இழை கலந்த பாலியெஸ்டர் பம்பரோடு வந்தது. அதன் பிறகு பிளாஸ்டிக் பம்பர்கள் பரவின. இன்று பெரும்பாலும் பயன்படுவது பாலிபுரோப்பிலீனும் ரப்பர் வகை ஒன்றும் கலந்த கலவை. பாலிபுரோப்பிலீனை ஒழுங்கான அமைப்போடு உருவாக்கும் வழியை 1954-இல் கண்டவர் இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நாட்டா. அவரும் ஜெர்மனியின் கார்ல் சீக்லரும் 1963-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

உறையின் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் பெயர்க் குறியீடு அச்சாகியிருக்கலாம். ‘பிபி’ என்ற எழுத்துகள் இருந்தால் பாலிபுரோப்பிலீன்.

ஐந்தாம் படிவ வேதியியலில் வரும் பாலிமர் பாடம் இங்கே உதவும். பாலிபுரோப்பிலீன், சூடாக்கினால் இளகி, ஆறினால் இறுகும் வகை. ஏறத்தாழ 160 பாகை செல்சியஸில் உருகும். ஆகவே உருக்கி இணைக்கலாம். கண்ணாடி இழை பாலியெஸ்டர் அப்படியல்ல. அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் குறுக்கே பிணைந்துவிட்டதால் சூடாக்கினால் உருகாது, கருகும். அதற்குக் கண்ணாடி இழைத் துணியும் பிசினும் கொண்டுதான் ஒட்டுப்போட வேண்டும்.

கொளுத்திப் பார்த்து பிளாஸ்டிக்கைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அந்தப் புகை நச்சு.

விரிசலை இணைத்தல்

விரிசலின் முனையில் விசை குவிகிறது. அதனால்தான் அது நீண்டுகொண்டே போகிறது. முனையில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை போட்டால், விசை துளையின் வளைவில் பரவி விரிசல் நின்றுவிடும். பிறகு சோப்பு நீரில் கழுவி, உட்புறத்தில் விரிசல் நெடுகிலும் சரிவான பள்ளம் செதுக்குவார்கள். பள்ளத்தின் ஓரங்களையும் அதே வகை பிளாஸ்டிக் குச்சியையும் வெப்பக் கருவியால் ஒன்றாக உருக்கி நிரப்புவார்கள். புகை வந்தால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள். நல்ல காற்றோட்டமும் முகக்கவசமும் அவசியம்.

உருகிய நிலையில் இருபுறத்து நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்கிக்கொள்கின்றன. ஆறியதும் அந்தச் சிக்கல்தான் பிடிமானம். வேறு வகைக் குச்சியை உருக்கி ஊற்றினால், எண்ணெயும் நீரும் போல இரண்டும் கலக்காமல், ஆறியபின் உரிந்து வந்துவிடும்.

வேன் அங்கிளின் பசை பிடிக்காததற்கும் காரணம் இதை ஒட்டியதே. பாலிபுரோப்பிலீன் மெழுகைப் போன்றது. மேற்பரப்பு ஆற்றல் குறைவு. நீர்த்துளி அதன் மேல் பரவாமல் உருண்டு நிற்பது போல, சாதாரணப் பசையும் பரவிப் பற்றுவதில்லை. சாயம் பூசும்போதும் இதே தொல்லை. அதனால் மேற்பரப்பை மணல்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான பற்று திரவம் ஒன்றைப் பூசிய பிறகே சாயம் அடிப்பார்கள்.

உறை உடையாமல் உள்ளே அமுங்கி மட்டும் இருந்தால், வேலை எளிது. சுடுநீர் ஊற்றி இளக்கி, பின்னாலிருந்து தள்ளி, குளிர்ந்த நீரால் ஆறவைத்தால் பெரும்பாலும் பழைய வடிவம் திரும்பும். சுடுநீரைப் பெரியவர்களே ஊற்றட்டும்.

செய்து பாருங்கள்

காலியான பான போத்தல் ஒன்றை எடுங்கள். போத்தலிலிருந்து ஒரு சிறு துண்டையும், மூடியிலிருந்து ஒரு சிறு துண்டையும் வெட்டுங்கள். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் இரண்டையும் அமிழ்த்தி, காற்றுக்குமிழ் ஒட்டாமல் பார்த்துக்கொண்டு விடுங்கள். போத்தல் துண்டு மூழ்கும். மூடித் துண்டு பெரும்பாலும் மிதக்கும். பாலிபுரோப்பிலீன், பாலிஎத்திலீன் இரண்டும் நீரைவிட அடர்த்தி குறைந்தவை. பம்பரிலிருந்து உடைந்த துண்டையும் இப்படிச் சோதிக்கலாம். ஆனால் டால்க் தூள் நிறையக் கலந்த பாலிபுரோப்பிலீன் மூழ்கிவிடும் என்பதால், மூழ்கியதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

1. மேலே சொன்ன வேன் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் இடித்து, 0.15 வினாடியில் நின்றால் சராசரி விசை எவ்வளவு? இயக்க ஆற்றல் எத்தனை மடங்கு கூடும்?

2. ஒருவர் வளைந்த எஃகுச் சட்டத்தை அப்படியே விட்டு, பிளாஸ்டிக் உறையை மட்டும் அழகாகச் சரிசெய்து சாயம் பூசுகிறார். வேன் பார்க்கப் புதிதாக இருக்கிறது. அடுத்த முறை இடித்தால், அந்தப் பத்து சென்டிமீட்டரை எது கொடுக்கும்?

இரண்டாவது கேள்வியை உங்கள் வேன் அங்கிளிடமும் கேட்டுப் பாருங்கள்.