அப்பாஸ்ட்ரஃபியும் ஒரு பொய் விதியும்

நம்பிக்கை: ஆங்கிலத்தில் ‘எஸ்’ எழுத்துக்கு முன்னால் அப்பாஸ்ட்ரஃபி என்னும் உடைமைக்குறி (’) வந்தால் உடையவர் ஒருவர், பின்னால் வந்தால் பலர்.

உண்மை: இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆங்கில வியாகரணம் போதிக்கும் உபாத்தியாயர் சிலர் மாணாக்கர்க்கு மந்திரம்போல் உருவேற்றிவரும் இவ்விதி, நினைவில் வைப்பதற்குச் சுலபமாக இருக்கிறதேயன்றி உண்மையாக இல்லை. சென்னையில் 1915-இல் தோன்றிய விமன்’ஸ் கிறிஸ்டியன் கல்லூரியின் பெயரில் அக்குறி ‘எஸ்’ஸுக்கு முன்னால்தான் நிற்கிறது, அதனால் அக்கல்லூரி ஒரே ஒரு பெண்ணுக்கு உரியதாகிவிடுமா? இவ்விதியை நம்பிய மாணாக்கன், ‘விமன்’, ‘சில்ட்ரன்’ ஆகியவற்றோடு ‘எஸ்’ சேர்த்து அதற்கப்பால் குறியிட்டு, பன்மையைக் காட்டிவிட்டதாகத் திருப்தியடைகிறான். அதற்காக அவன் மதிப்பெண்ணைக் குறைப்பவர்கள், அப்பிழையைக் கற்பித்தவர்கள் யார் என்று சற்றே யோசிக்கவேண்டும்.

அக்குறி ஆட்களை எண்ணுவதற்கு ஏற்பட்டதன்று. உடையவர் பெயரை ஒருமையோ பன்மையோ முதலில் முழுமையாக எழுதுக. அதன் முடிவில் குறியிடுக. அப்பெயர் ‘எஸ்’ஸில் முடியும் பன்மையாயின் அத்துடன் நிறுத்துக, இல்லையேல் ‘எஸ்’ சேர்க்க. பாய் என்பது பாய்’ஸ். பாய்ஸ் என்பது பாய்ஸ்’. விமன் என்பது விமன்’ஸ். பெண், பெண்கள், பெண்களது என்று பன்மை விகுதியை முன்னும் வேற்றுமை உருபைப் பின்னும் வைத்து நாள்தோறும் பேசும் தமிழ்ப் பிள்ளைக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது?

நம்பிக்கை: உடைமை காட்டும் இந்த ’ஸ், ‘ஹிஸ்’ (அவனுடைய) என்பதன் சுருக்கம்.

உண்மை: இங்கிலாந்தின் பழைய பண்டிதர்களே இதில் ஏமாந்தார்கள். பழைய ஆங்கிலத்தின் ‘இ, எஸ்’ என்னும் உருபு தேய்ந்ததே இது. 1917-இல் அப்பெயர் பெற்ற குயின் மேரி’ஸ் கல்லூரியின் பெயரில், அரசிக்கு ‘அவனுடைய’ என்பது எங்ஙனம் பொருந்தும்?

நம்பிக்கை: உயிரற்றவற்றுக்கு இக்குறி ஆகாது.

உண்மை: ‘டுடே’ஸ் நியூஸ்’ என்பது சுத்தமான பிரயோகம்.

நம்பிக்கை: பன்மைக்கெல்லாம் இக்குறி வேண்டும்.

உண்மை: பால்கோவாக் கடைப் பலகையில் ‘ஸ்வீட்ஸ்’ என்பது வெறும் பன்மை, குறி வேண்டா.

ஆறாம் வேற்றுமைக்கு அது, ஆது, அ என்று உருபுகளை வகுத்த நன்னூலைத் தமிழ் வகுப்போடு நிறுத்திவிட்டு, ஆங்கில வகுப்பில் எல்லாவற்றையும் அந்நியமாகக் காட்டும் வழக்கமே இக்குழப்பங்களுக்கு மூலகாரணம். நம் பள்ளிகளில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் வேற்றுமைப் பாடத்தை ஒருங்கே நடத்தட்டும். தன் மொழியின் இலக்கணம் தெளிந்த பிள்ளைக்குப் பிறமொழி இலக்கணம் பயந்தராது.