மெதுவாகக் கேட்டு விரைவாகப் பழகுதல்
ஒலிப்பதிவைக் கொண்டு இசை பயில்வோர்க்கு ஒரு பாடம்



வேகமான இசையைக் கேட்டு மகிழ்வது எளிது. அதைக் கற்றுக்கொள்வது அரிது. தேர்ந்த வித்துவான் ஒருவர் துரிதமாக வாசிக்கும் சங்கதியொன்றைக் கேட்கிறோம். அதன் முதற் சுரமும் கடைசிச் சுரமும் காதில் நிற்கின்றன. நடுவே வந்தவை யாவும் ஒன்றோடொன்று கலந்து ஓடிவிடுகின்றன. ஆசிரியர் அருகில் இருந்தால், "ஐயா, இன்னும் ஒரு முறை, சற்று நிதானமாக" என்று கேட்டுக்கொள்ளலாம். ஆசிரியர் கிடைக்காதவன் ஒலிப்பதிவையே ஆசிரியராகக் கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஆசிரியரை நிதானமாக வாசிக்கச் செய்வது எப்படி? அதனால் விளையும் பயன் எது? அதில் ஏமாந்துபோகும் இடம் எது? இவை மூன்றுமே இப்பாடத்தின் பொருள்.

காலம் மாற்றிப் பழகுவது நமக்குப் புதியதன்று. கர்நாடக சங்கீதம் பயிலத் தொடங்கும் குழந்தை சரளி வரிசையை மூன்று காலங்களில் பாடுகிறது. தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு முதற் காலத்தில் ஒரு சுரம், இரண்டாங் காலத்தில் இரண்டு, மூன்றாங் காலத்தில் நான்கு. முதற் காலத்தில் தெளிவில்லாத பாடம் மூன்றாங் காலத்தில் தெளிவடையாது என்பது நம் ஆசிரியர்கள் வழிவழியாகக் கண்ட உண்மை. இதே உண்மையை அயல்நாட்டு இளைஞர் சிலர் கிராமபோன் பெட்டியின் துணையால் கண்டுகொண்ட வரலாற்றை முதலில் பார்ப்போம்.

1. பாஞ்சோ பயின்ற இளைஞர்கள்

பாஞ்சோ என்றதும் நம் ஊர்களில் கட்டைகளை அமுக்கி வாசிக்கும் புல்புல்தாராவைச் சிலர் நினைக்கக்கூடும். அமெரிக்க நாட்டுப் பாஞ்சோ வேறு வாத்தியம். கஞ்சிராவைப் போல் தோல் போர்த்திய வட்டமான உடல், நீண்ட கழுத்து, ஐந்து தந்திகள். இவையே அதன் உறுப்புகள். 1924ஆம் ஆண்டில் வட கரோலினா மாநிலத்தில் பிறந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்பவர் இவ்வாத்தியத்தில் பெரும் புகழ் பெற்றார். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றிலும் செயற்கை நகங்களை மாட்டிக்கொண்டு, அவற்றை மாறி மாறி ஓயாது உருட்டி வாசிக்கும் முறை அவர் பிறந்த வட்டாரத்தில் முன்பே இருந்தது. அதனைச் செம்மை செய்து நாடறியச் செய்தவர் அவர். 1949ஆம் ஆண்டில் அவர் பதிவு செய்த 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்' என்னும் உருப்படியில், நொடிக்கு ஏறக்குறைய பத்துச் சுரங்கள் பொழிகின்றன. 1967ல் வெளிவந்த 'பானி அண்ட் கிளைட்' என்னும் திரைப்படத்தில் அது இடம்பெற்றபின், பாஞ்சோவை அறியாதவர்களும் அதனை அறிந்தார்கள்.

இந்த மழையில் துளிகளை எண்ணுவது எப்படி? அக்காலத்தில் விற்பனையான கிராமபோன் பெட்டிகள் பலவற்றில் நிமிடத்துக்கு 16⅔, 33⅓, 45, 78 சுற்றுகள் என நான்கு வேகங்கள் இருந்தன. 16⅔ என்பது பெரும்பாலும் பேச்சுப் பதிவுகளுக்கென்று அமைந்தது. பார்வையற்றோர்க்கான பேசும் நூல்கள் அவ்வேகத்திலும் வெளிவந்தன. பாஞ்சோ பயின்ற இளைஞர்கள் அதற்கு வேறோர் உபயோகம் கண்டார்கள். 1961ல் வெளியான 'ஃபாகி மவுண்டன் பாஞ்சோ' போன்ற 33⅓ சுற்றுத் தட்டுகளை 16⅔ல் சுழலவிட்டார்கள். நொடிக்குப் பத்தாக ஓடிய சுரங்கள் ஐந்தாக நடந்தன. எந்த விரல் எந்தத் தந்தியைத் தொட்டது என்பதையும் காது பின்தொடர முடிந்தது.

அச்சிட்ட பாடங்கள் அரிதாயிருந்த காலம் அது. பாஸ்டன் நகரத்தவரான பில் கீத் என்னும் இளைஞர் ஸ்க்ரக்ஸின் உருப்படிகளைக் கேட்டுக் கேட்டுக் குறியீடுகளாக எழுதி வைத்திருந்தார். 1968ல் ஸ்க்ரக்ஸ் தமது பெயரில் பாஞ்சோ பாட நூலொன்றை வெளியிட்டபோது, பில் கீத் எழுதிய குறியீடுகளே அதில் இடம்பெற்றன. கவனமாகக் கேட்டு எழுதியது, இசைத்தவரே ஏற்றுக்கொள்ளும் பாடமாயிற்று. 2012ல் ஸ்க்ரக்ஸ் காலமானார். அவரைத் தட்டுகளிலிருந்து கற்றவர்களின் விரல்களில் அவருடைய முறை இன்னும் ஒலிக்கிறது.

2. வேகமும் சுருதியும்

தட்டை மெதுவாகச் சுழற்றினால் காலம் மட்டும் மாறுவதில்லை, சுருதியும் இறங்குகிறது. காரணம் எளிது. ஒலி என்பது அதிர்வு. நொடிக்கு 440 முறை அதிரும் சுரம் தட்டின் பள்ளத்தில் அலைகளாகப் பதிந்திருக்கிறது. தட்டு பாதி வேகத்தில் சுழலும்போது, அதே அலைகள் ஊசியைக் கடக்க இரு மடங்கு நேரமாகிறது. ஆகவே நொடிக்கு 220 அதிர்வுகளே பிறக்கின்றன. அதிர்வு பாதியானால் சுரம் ஒரு ஸ்தாயி இறங்கும். பெயர் மாறாது, 'ச' என்பது மந்திர ஸ்தாயி 'ச' ஆகும்.

33⅓க்கு 16⅔ சரிபாதியாக அமைந்தது பயில்வோருக்குப் பெரும் சௌகரியம். வாத்தியத்தின் தந்திகளை மீண்டும் சுருதி சேர்க்கத் தேவையில்லை. ஒரு ஸ்தாயி மேலே நின்று உடன் வாசித்தால் போதும். டேப் ரிக்கார்டரிலும் இவ்வாறே. நொடிக்கு 7½ அங்குலம் ஓடும் நாடாவை 3¾ அங்குலத்தில் ஓடவிட்டால் சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும்.

45 சுற்றுத் தட்டை 33⅓ல் சுழற்றினால் இந்த வசதி இல்லை. மத்திய ஸ்தாயி 'ச' அப்போது மந்திர ஸ்தாயி 'ப'வுக்கும் சற்றுக் கீழே போய் நிற்கும். அந்தச் 'சற்று' எந்த வாத்தியத்தின் கட்டையிலும் இல்லை. பொதுவாக, வேகத்தை நூற்றுக்கு ஆறு பங்கு மாற்றினால் சுருதி ஏறக்குறைய ஓர் அரைச்சுரம் மாறும் என்று நினைவில் கொள்க.

இங்கே மனிதனுக்கும் பொறிக்கும் உள்ள வேற்றுமை விளங்குகிறது. பாடகர் முதற் காலத்துக்கு இறங்கும்போது அவருடைய சுருதி இறங்குவதில்லை; தம்பூரா அப்படியே இருக்கிறது. கிராமபோன் தட்டுக்கோ காலத்தையும் சுருதியையும் பிரிக்கத் தெரியாது.

3. சுருதி மாறாமல் காலம் நீளுமா?

இவ்விரண்டையும் பிரிக்கும் முயற்சி, இசைக்காக அன்றி, பேச்சுக்காகவே தொடங்கிற்று. 1954ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபேர்பேங்க்ஸ், எவரிட், யேகர் ஆகிய மூவர், சுழலும் காந்தத் தலைகளைக் கொண்டு நாடாவிலுள்ள பேச்சின் நேரத்தைக் குறைக்கவும் கூட்டவும் ஒரு முறையை வெளியிட்டார்கள். 1966ல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளானகன், கோல்டன் ஆகிய இருவர், ஒலியைப் பல குறுகிய அலைவரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிட்டு, மீண்டும் சேர்க்கும் முறையொன்றை வகுத்தார்கள்.

இன்றைய கருவிகள் செய்யும் வேலையை ஓர் உவமையால் விளக்கலாம். நீண்டதொரு பூமாலையைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, துண்டுகளைச் சற்றே விலக்கி வைத்து, இடைவெளிகளில் அதே பூக்களை வைத்துக் கட்டினால் மாலை நீளும். பூவின் அளவு மாறாது. அதுபோல, ஒலியை நொடியில் நூற்றில் சில பங்கே நீளும் துண்டுகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி அடுக்கி நீட்டினால், துண்டுக்குள் இருக்கும் அதிர்வு மாறாமல் காலம் மட்டும் நீளுகிறது. யூடியூபில் வேகத்தை 0.75 அல்லது 0.5 என்று குறைக்கும்போது சுருதி இறங்காதிருப்பது இத்தகைய கணக்கினால்தான். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டி என்னும் இலவசக் கணினிச் செயலியில் இரு முறைகளும் உண்டு: சுருதியோடு சேர்த்து வேகத்தை மாற்றுவது ஒன்று, காலத்தை மட்டும் மாற்றுவது மற்றொன்று.

ஆயினும் வெட்டி ஒட்டிய மாலையில் முடிச்சுகள் தெரியும். மிகவும் நீட்டினால் மிருதங்கத்தின் அடியும் தந்தியின் மீட்டும் கூர்மை இழந்து, தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். ஆதலின் தேவைக்கு மேல் குறைக்கலாகாது.

4. பயிலும் முறை

முதலாவது, உருப்படி முழுவதையும் அதன் சொந்த வேகத்திலேயே பலமுறை கேளுங்கள். வழியறியாமல் புறப்பட்டவனுக்கு மெதுவாக நடப்பதால் மட்டும் ஊர் வந்துவிடாது.

இரண்டாவது, ஒரே ஓர் ஆவர்த்தனத்தை, அல்லது அதிலும் சிறிய பகுதியை, எடுத்துக்கொள்ளுங்கள். அப்பகுதி மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி செய்யுங்கள்.

மூன்றாவது, முதலில் முக்கால் வேகத்துக்கு வாருங்கள். அதிலும் விளங்காவிட்டால் மட்டும் பாதி வேகம்.

நான்காவது, வாத்தியத்தைத் தொடுமுன் வாயால் பாடுங்கள். பாட முடியாத சங்கதி இன்னும் காதில் விழவில்லை என்று பொருள். விரலைக் குறை சொல்வதில் பயனில்லை.

ஐந்தாவது, கேட்டதைச் சுரமாக எழுதி வைத்து, பதிவோடு சேர்ந்து தாளம் போட்டு வாசியுங்கள். மூன்று முறை பிசகின்றி வந்தபின் வேகத்தை நூற்றுக்கு ஐந்து பங்கு கூட்டுங்கள். பிசகினால் ஒரு படி இறங்குங்கள்.

ஆறாவது, முழு வேகத்தை எட்டிய பிறகு, அதனினும் ஐந்து பங்கு அதிகமாக்கிச் சிலமுறை வாசித்துவிட்டுப் பழைய வேகத்துக்குத் திரும்புங்கள். முன்பு ஓட்டமாகத் தோன்றியது இப்போது நடையாகத் தோன்றும். வேகத்தைக் கூட்டும் வசதிக்கு இதுவே நல்ல உபயோகம்.

ஏழாவது, பதிவை நிறுத்திவிட்டுத் தனியே வாசியுங்கள். இதுதான் பரீட்சை.

5. மூன்று எச்சரிக்கைகள்

பொறி மெதுவாக்கிய இசையும், வித்துவான் மெதுவாக வாசிக்கும் இசையும் ஒன்றல்ல. ஜாஸ் இசையில் நெடிலும் குறிலுமாக வரும் இரட்டைச் சுரங்களின் ஏற்றத்தாழ்வு, நிதான காலத்தில் மிகுந்தும் வேகத்தில் குறைந்தும் அமைவது வழக்கம். பொறி வேகமான வாசிப்பின் அளவையே அப்படியே நீட்டித் தருகிறது. ஆகவே நடையை முழு வேகத்தில் கேட்டே கற்க வேண்டும். மெதுவான பதிவு சுரங்களைத் தெரிந்துகொள்ள மட்டுமே. விரல்களுக்கும் இது பொருந்தும். மெதுவாக வாசிக்கும்போது விரலை உயரத் தூக்கிப் பழகினால், வேகத்தில் அதற்கு நேரமிராது. வேகத்தில் இருக்க வேண்டிய சிறு அசைவையே மெதுவாகவும் செய்து பழகுங்கள்.

இரண்டாவதாக, எல்லாப் பதிவும் உண்மையான வேகத்தில் இருப்பதில்லை. லெஸ் பால் என்னும் கிதார் கலைஞர் 1948ல் வெளியிட்ட 'லவர்' என்னும் தட்டில், சில பகுதிகளைப் பாதி வேகத்தில் பதிந்து இரட்டித்து ஒலிக்கச் செய்தார். 1965ல் பீட்டில்ஸ் குழுவின் 'இன் மை லைஃப்' பாடலில் வரும் பியானோப் பகுதியை ஜார்ஜ் மார்ட்டின் அவ்வாறே அமைத்தார். இவற்றை அதே வேகத்தில் வாசிக்க முயல்பவன், எந்த மனிதக் கையும் அந்த வேகத்தில் வாசித்திராத ஒன்றைத் துரத்துகிறான். அறியாமலும் இது நேர்ந்ததுண்டு. 1959 மார்ச் 2 அன்று மைல்ஸ் டேவிஸ் 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டின் முதற்பக்கத்தைப் பதிந்தபோது நாடாப் பொறி சற்று மெதுவாக ஓடியிருந்தது. அதனால் தட்டில் இசை சற்று வேகமாகவும், அரைச்சுரத்துக்கும் குறைந்த அளவு சுருதி ஏறியும் ஒலித்தது. 1992ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அது திருத்தப்பட்டது. இடைப்பட்ட முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அத்தட்டோடு சேர்ந்து வாசித்தவர்கள், தங்கள் வாத்தியம் ஒத்துவராததற்குத் தங்கள் செவியையே சந்தேகித்திருக்கக்கூடும். பிழை தட்டில் இருந்தது. ஆகையால் தொடங்குமுன் பதிவின் சுருதியைத் தம்பூராவோடோ சுருதிப் பெட்டியோடோ ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவதாக, பொறியின் துணை ஊன்றுகோலாகவே இருந்துவிடக் கூடாது. மெதுவாக்கிக் கேட்பதன் நோக்கம், ஒருநாள் மெதுவாக்காமலேயே கேட்கும் செவியைப் பெறுவது. வாரத்தில் ஒரு நாளாவது, சிறு மெட்டொன்றை முழு வேகத்திலேயே கேட்டுச் சுரப்படுத்திப் பாருங்கள். அந்த மெட்டு ஆண்டுக்கு ஆண்டு நீளுமானால், உங்கள் அப்பியாசம் சரியான வழியில் செல்கிறது.

நினைவிற்கு

வினா: தட்டைப் பாதி வேகத்தில் சுழற்றினால் சுருதி என்னவாகும்?
விடை: சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும்.

வினா: எவ்வளவு குறைக்க வேண்டும்?
விடை: விளங்கும் அளவுக்கு மட்டும், அதற்குமேல் வேண்டாம்.

வினா: மெதுவான பதிவிலிருந்து எதைக் கற்க வேண்டும், எதைக் கற்கக் கூடாது?
விடை: சுரங்களைக் கற்க வேண்டும். நடையை முழு வேகத்தில் கேட்டே கற்க வேண்டும்.

வினா: ஒரு சங்கதியைக் கேட்டு முடித்தோம் என்பதற்கு அடையாளம் யாது?
விடை: வாத்தியமின்றி அதைப் பாட முடிவதே.

பாடற்குழுவில் பாடும் அன்பர்கள் இவ்வாரம் தங்களுக்குக் கடினமான பாடலிலிருந்து ஓர் அடியை மட்டும் எடுத்துக்கொண்டு, மேற்கூறிய ஏழு படிகளையும் ஒருமுறை ஏறிப் பார்ப்பார்களாக.