நடப்பவருக்கு யார் பணம் போடுவது?

புரட்டாசி வந்தால் சித்தூர், திருப்பதி மாவட்டச் சாலைகளில் திருமலைக்குப் போகும் நடைப் பயணிகள் கூட்டம். சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருக்குடைகள் ஒரு பக்கம் வர, மஞ்சள் வேட்டிக்காரர்கள் தார்ச்சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, லாரி அடிக்கும் காற்றில் ஒதுங்கி ஒதுங்கி நடப்பார்கள். மலையடிவாரமான அலிபிரியில் முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டதும் அதே ஆட்களுக்கு ராஜ மரியாதை: தலைக்கு மேல் கூரை, குடிக்கத் தண்ணீர், கழிப்பறை. சுமார் 3,550 படிகள் கொண்ட அந்தப் பாதையின் கூரை 2021இல் புதுப்பிக்கப்பட்டது. செலவு சுமார் 25 கோடி ரூபாய். கொடுத்தது ரிலையன்ஸ் நிறுவனம்.

நடப்பதற்கென்றே காசு கொட்டிய பாதை இவ்வளவு பக்கத்தில் இருந்தும், ஊருக்குள் நடைபாதை, சைக்கிள் வழி என்று பேச்செடுத்தால் இந்தப் பக்கத்து நகரியிலும் விஜயபுரத்திலும் வருவது பழைய பதில்கள்தான்.

‘வரி கட்டுகிறவன் வண்டிக்காரன், ரோடும் அவனுக்குத்தான்’ என்பது முதல் பதில். வண்டி வாங்கும்போது கட்டும் சாலை வரி மாநிலக் கஜானாவுக்குப் போகிறது. விஜயபுரத்துத் தெருவைத் தேடி வருவதில்லை. பஞ்சாயத்துத் தெருவுக்குப் பணம் வருவது வீட்டு வரி, நிதிக்குழு மானியம், வேலை உறுதித் திட்டம் போன்ற வழிகளில். பெட்ரோல், டீசல் மீதான செஸ் சாலை நிதிக்குப் போவது உண்மை. அந்த டீசல் விலை பஸ் டிக்கெட்டிலும் அரிசி விலையிலும் ஏறி, செருப்பு தேய நடக்கிறவர் தலையிலும்தான் விழுகிறது. சோப்புக்கு ஜிஎஸ்டி கட்டாதவர் யார்?

‘இப்போது யார் நடக்கிறார்கள், வீட்டுக்கு வீடு பைக்’ என்பது அடுத்தது. 2011 கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத வேலை செய்தவர்கள் நாட்டில் சுமார் 20 கோடிப் பேர். அவர்களில் நடந்து போனவர்கள் சுமார் 4.5 கோடி, சைக்கிளில் போனவர்கள் 2.6 கோடி, காரிலும் ஜீப்பிலும் போனவர்கள் சுமார் 50 லட்சம்தான். பிறகு பைக் பெருகியது மறுப்பதற்கில்லை. ஆனால் 2022இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பாதசாரி. யாரும் நடப்பதில்லை என்றால் இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்?

அதிகம் கேட்பது மூன்றாவது பதில்: ‘இதுக்கெல்லாம் ஸ்கீம் இல்லை சார்.’ நடைபாதை என்று பெயர் எழுதிய தனிப் பெட்டி பஞ்சாயத்தில் இல்லைதான். ஆனால் பணம் வரும் வழிகள் உண்டு. 15ஆம் நிதிக்குழு 2021–26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டது. மிச்சம் 40 சதவீதத்தை ஊரே தன் தேவைக்குத் திட்டமிட முடிந்தது. நாடாளுமன்ற உறுப்பினரின் ஆண்டுக்கு 5 கோடித் தொகுதி நிதியிலும் பாதைகள் போட இடமுண்டு.

வேலை உறுதித் திட்டத்தின் கணக்கு இன்னும் சுவாரசியமானது. கூலிக்கும் பொருளுக்கும் 60:40 என்பது அதன் விகிதமாக இருந்தது. மாவட்டத்தில் ஏரி தூர்வாரவும் வரப்பு வெட்டவும் 60 ரூபாய் கூலி போனால், 40 ரூபாய் வரை சிமெண்ட், ஜல்லிக்குச் செலவழிக்க முடிந்தது. வெயிலில் கூடை சுமந்த பெண்களின் உழைப்புதான் தெருவுக்கு சிசி (சிமெண்ட் கான்கிரீட்) ரோடு கொண்டுவந்தது. அவர்களில் பலர் அந்த ரோட்டில் நடந்துதான் போகிறார்கள். ஆந்திராவில் 2024 ஆகஸ்ட் 23 அன்று 13,326 பஞ்சாயத்துகளில் ஒரே நாளில் கிராம சபை கூட்டி இந்தத் திட்டத்துக்கான வேலைகளைத் தீர்மானித்தார்கள். அக்டோபரில் ‘பல்லெ பண்டுக’ என்ற பெயரில் வேலை தொடங்கியது. சபையில் எழுந்து கேட்பதற்கு இருந்த பலம் அது.

‘பெரிய நகரம்தான் செய்ய முடியும்’ என்பதும் பாதி உண்மையே. சென்னை மாநகராட்சி 2014இல் ஒரு கொள்கை வகுத்து, போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்றது. 2019இல் பாண்டி பஜார் நடைபாதை வளாகமும் வந்தது. ஆனால் சைக்கிள் விஷயத்தில் வழி காட்டியது புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் பெண் தொண்டர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்கச் செய்தார். ஒரு சைக்கிளுக்கான கடன், அவ்வளவுதான். பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்ணுக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வில், மாணவிகளின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை 32 சதவீதம் கூடியது தெரிந்தது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

‘ஒருமுறை போட்டால் போதும்’ என்கிறவர்கள் மறுபடி திருமலைப் பக்கம் பார்க்கலாம். திருமலைக்கான இன்னொரு நடைவழியான ஸ்ரீவாரி மெட்டு 2021 நவம்பர் மழையில் சிதைந்து, 2022 மே மாதம்தான் திறந்தது. 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்ற பிறகு, பிற்பகலில் சிறுவர்களுக்குத் தடை வந்தது. பெரியவர்கள் கையில் தேவஸ்தானம் கம்பு கொடுத்தது. கூரைக்கு நன்கொடையாளர் கிடைக்கலாம். காவலுக்கும் வெளிச்சத்துக்கும் கூட்டுவதற்கும் மாதாமாதம் யாரோ சம்பளம் போட்டாக வேண்டும்.

அப்படியானால் எஸ்டிமேட்டில் எதைக் கேட்பது? குடியிருப்புப் பகுதி நடைபாதைக்கு சாலைப் பொறியியல் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு: தடையில்லாத அகலம் 1.8 மீட்டர், உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். இரண்டடி உயரத்துக்குக் கட்டினால் பாட்டி ஏறமாட்டார், ரோட்டில்தான் நடப்பார். சிசி ரோட்டோடு சாக்கடையும் போடும் ஊர்களில் சுலபமான வழி ஒன்று உண்டு: சாக்கடையைத் திறந்து விடாமல், தூர்வாரத் தூக்கி எடுக்கும்படி சிலாப் போட்டு மூடுவது. அகலம் போதவில்லை என்றால் பக்கத்து மண்ணையும் சேர்த்துச் சமன் செய்யலாம். கழிவுநீர் வேலையும் நடைபாதையும் ஒரே பில்லில் முடியும். அந்த சிலாப்பை முதல் எஸ்டிமேட்டிலேயே எழுத வேண்டும். பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் எந்தப் பொறியாளரும் திரும்பி வந்து எழுதப்போவதில்லை.