டாக்கிலிருந்து லேப்டாப் வரவில்லையா? இழுக்காதீர்கள்



வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பல வீடுகளுக்கு லேப்டாப் வந்துவிட்டது. சில வீடுகளில் அது பிள்ளைக்குப் பள்ளியில் கிடைத்தது. சில வீடுகளில் கம்பெனி வேலைக்குப் போகும் மகனோ மகளோ கொண்டுவந்தது, அல்லது பாண்டியில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. கம்பெனிகளில் ஓடிவிட்டுக் கைமாறி வரும் லேப்டாப்புடன் சில சமயம் ‘டாக்கிங் ஸ்டேஷன்’ என்ற தட்டும் சேர்ந்து வரும். சுருக்கமாக டாக் என்பார்கள். கரண்ட், பெரிய மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர், நெட் ஒயர் எல்லாவற்றையும் அந்தத் தட்டில் செருகிவிட்டால் போதும். லேப்டாப்பை மட்டும் அதன்மேல் வைத்து எடுக்கலாம். ஆனால் சில நாள் எடுக்கப் போனால் வராது. அப்போது என்ன செய்வது என்பதே இந்தப் பாடம்.

முதலில் அறிய வேண்டியது

சிக்கிக்கொண்ட லேப்டாப், கெட்டுப்போன லேப்டாப் அல்ல. டாக்கில் இருந்தபடியே அது எல்லா வேலையும் செய்யும். சென்டாக் விண்ணப்பத்துக்கோ கல்வி உதவித்தொகைக்கோ இன்று கடைசி நாள் என்றால், லேப்டாப்பை எடுக்கப் போராடி நேரத்தை விட்டுவிட வேண்டாம். இருந்த இடத்திலேயே விண்ணப்பத்தை அனுப்பிவிடுவோம். சான்றிதழ் ஸ்கேன்களைப் பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்வோம். அதன்பின் நிதானமாக எடுக்கலாம்.

அவசரத்தில் இழுத்தால் உடைவது, லேப்டாப்பின் அடியில் உள்ள நீளமான இணைப்பு வாய். அது உள்ளே இருக்கும் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டது. அங்கே விரிசல் விழுந்தால் செலவு மதர்போர்டு வரை போகும்.

பூட்டு இரண்டு

லேப்டாப்பை டாக்கில் பிடித்து வைப்பவை இரண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரியும் கொக்கி. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத மென்பொருள். எப்போதும் முதலில் மென்பொருள், பிறகு கொக்கி. இந்த வரிசை மாறக்கூடாது.

இதை நன்றாகக் காட்டும் எடுத்துக்காட்டு, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-இல் கொண்டுவந்த ‘சர்ஃபேஸ் புக்’. அதில் திரையே தனிக் கணினி. கீபோர்டு பகுதிதான் அதற்கு டாக் மாதிரி. நடுவில் இருக்கும் பூட்டை, மின்சாரம் பாய்ந்தால் சுருங்கும் ஒரு மெல்லிய கம்பி திறக்கிறது. திரையில் சார்ஜ் மிகக் குறைந்திருந்தால் பூட்டு திறக்காது. கீபோர்டு பகுதியில் உள்ள கிராஃபிக்ஸ் சிப்பை ஏதாவது ஒரு புரோகிராம் பயன்படுத்திக்கொண்டிருந்தாலும் திறக்காது. அந்தப் புரோகிராமை மூடச் சொல்லித் திரையில் செய்தி வரும். அதாவது, உள்ளே வேலை முடியாமல் வெளியே விடாது.

நம் வீடுகளுக்கு வரும் சாதாரண டாக்குகள் பலவற்றில் கொக்கியைக் கையாலேயே திறந்துவிடலாம். ஆனால் டாக்கில் செருகிய ஹார்டு டிஸ்கில் ஏதாவது பதிவாகிக்கொண்டிருக்கும்போது எடுத்துவிட்டால் அந்த ஃபைல் கெட்டுப்போகலாம்.

முதல் பூட்டு: மென்பொருள்

1. திறந்திருக்கும் ஃபைல்களைச் சேவ் செய்து மூடுங்கள்.

2. டாக்கில் பென்டிரைவ், ஹார்டு டிஸ்க் இருந்தால் திரையின் கீழ் வலது மூலையில் உள்ள பென்டிரைவ் படத்தை அழுத்தி, ‘எஜெக்ட்’ கொடுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவிலேயே ‘அன்டாக்’ என்ற வரி இருக்கும்.

3. ‘இந்தச் சாதனம் பயன்பாட்டில் உள்ளது’ என்ற பொருளில் செய்தி வந்தால், ஏதோ ஒரு புரோகிராம் அதை இன்னும் விடவில்லை. அந்த ஹார்டு டிஸ்கிலிருந்து திறந்த எக்செல் கணக்கு, ஒரு போட்டோ, பின்னால் ஓடும் வைரஸ் சோதனை என எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றாக மூடிவிட்டு மறுபடி முயலுங்கள்.

4. அப்படியும் விடவில்லையென்றால் லேப்டாப்பை முழுவதும் ஷட் டவுன் செய்யுங்கள். விளக்குகள் அணையும்வரை காத்திருங்கள். இதோடு மென்பொருள் பூட்டு நீங்கிவிடும். பெரும்பாலான டாக்குகளில் மிச்சம் இருப்பது கொக்கி மட்டுமே. சர்ஃபேஸ் புக் போல மின்சாரத்தில் திறக்கும் பூட்டு உள்ளவற்றுக்கு மட்டும் இது பொருந்தாது.

கம்பெனி கொடுத்த லேப்டாப்பாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. டாக்கிலிருந்து எடுக்கும் உரிமை யாருக்கு என்பதை விண்டோஸில் நிர்வாகி வரையறுத்து வைக்க முடியும். அந்த உரிமை இல்லையென்றால் குறுக்கு வழி தேடாமல், கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவைக் கேட்பதே முறை. அது நம்மிடம் உள்ள அமானத் பொருள்.

இரண்டாம் பூட்டு: கொக்கி

1. டாக்கில் சாவித் துளை இருக்கிறதா என்று பாருங்கள். சில வகைகளில் சாவி பூட்டிய நிலையில் இருந்தால் எடுக்கும் பொத்தான் அமுங்காது.

2. பக்கவாட்டில் திருட்டைத் தடுக்கும் இரும்புக் கேபிள் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். பல டாக்குகளில் அந்த ஒரே கேபிள் லேப்டாப்பையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

3. லேப்டாப்பை மூடி, அதன் மேல் உள்ளங்கையை வைத்து லேசாகக் கீழே அழுத்துங்கள். அப்போது கொக்கியின் மேலுள்ள இறுக்கம் தளரும். அழுத்தியபடியே பொத்தானையோ நெம்புகோலையோ அதன் கடைசிவரை நகர்த்துங்கள்.

4. பிறகு இரண்டு கைகளாலும் இருபக்கமும் பிடித்து, சமமாக மேலே தூக்குங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கக்கூடாது. திரையைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

இதற்கும் வரவில்லையென்றால் ஸ்க்ரூ டிரைவர், கத்தி எதையும் உள்ளே விட வேண்டாம். எண்ணெய் ஊற்றவும் வேண்டாம். டாக்கின் கரண்ட் ஒயரைக் கழற்றி, லேப்டாப்பையும் டாக்கையும் ஒன்றாகவே மெக்கானிக்கிடம் கொண்டு செல்லுங்கள்.

புதிய வகை டாக்குகள் ஒரே ஒரு சி-டைப் கேபிளால் இணைபவை. அவற்றில் பெரும்பாலும் கொக்கி கிடையாது. முதல் பூட்டை மட்டும் பார்த்துவிட்டு, கேபிளின் தலையைப் பிடித்து நேராக உருவினால் போதும்.

எடுத்தபின் திரை கறுப்பாக இருந்தால்

பயப்பட வேண்டாம். படம் இன்னும் பெரிய மானிட்டருக்கே போவதாகக் கணினி நினைத்திருக்கலாம். விண்டோஸ் படம் போட்ட கீயையும் ‘பி’ எழுத்தையும் சேர்த்து அழுத்தி, கணினித் திரை மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நெட் வரவில்லையென்றால், நெட் ஒயர் டாக்கிலேயே தங்கிவிட்டது என்பதே காரணம். வைஃபையோ போன் ஹாட்ஸ்பாட்டோ இணையுங்கள்.

வாங்கும்போது

செகண்ட் ஹேண்டில் டாக்கும் சேர்த்து வாங்குவோர் அதன் சாவியையும் அதற்குரிய அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே மூன்று முறை மாட்டி எடுத்துப் பாருங்கள். அங்கே வராதது வீட்டிலும் வராது.

வீட்டுப் பயிற்சி

அவசரம் இல்லாத ஒரு நாளில், லேப்டாப்பைத் தொடும் அனைவரும், பெண்களும் பிள்ளைகளும் உட்பட, ஒருமுறை மாட்டி எடுத்துப் பழகுங்கள். இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிகிறதா என்றும் பாருங்கள்:

நம் டாக்கில் சாவி உண்டா, அது எங்கே இருக்கிறது?

முக்கியமான சான்றிதழ்களின் நகல் இந்த லேப்டாப்பைத் தவிர வேறெங்கே உள்ளது?

நாளை கடைசி நாள், லேப்டாப் வரவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

மூன்றாவதற்கு ‘இழுப்பது’ என்று யாராவது சொன்னால், பாடத்தை மறுபடி முதலிலிருந்து படித்துக் காட்டுங்கள்.