மிளகாய் நாற்று: உள்ளறையிலா, மாடியிலா?

குளிர் தேசத்தார் மிளகாய் விதையை வீட்டுக்குள் முளைக்க வைப்பது வெதுவெதுப்பை நாடியே. சென்னை டோல்கேட்டில் நமக்கு அந்தக் குறை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை விதையை அடித்துக்கொண்டு போகாமலும், கடற்காற்றின் உப்பு இளந்தளிரைக் கருக்காமலும், அணில் கிளறாமலும் காக்கவே நாம் தட்டை உள்ளே வைக்கிறோம். ஆதலால் எதை உள்ளே தொடங்குவது, எதை நேரே தொட்டியில் விதைப்பது என்பதை அந்தந்தச் செடியின் சுபாவத்தைக் கொண்டே நிச்சயிக்க வேண்டும்.

மிளகாய்க்கு உள்ளறைக் குழித்தட்டே உசிதமென்பது என் திடமான அபிப்பிராயம்; அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றிய விதை ஏழு முதல் பத்து நாளில் முளைத்து, நாற்பது நாளளவில் நடவுக்கு வந்துவிடும். கொத்தமல்லியோ ஆணிவேர்ச் செடி. இடம் பெயர்க்கப் பொறாது. தனியாவை இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து, வளரவேண்டிய தொட்டியிலேயே தூவிவிட வேண்டும். துளசி விதை மிக நுண்ணியது. ஈர மண்மீது தூவினால் போதும், மூடலாகாது. புதினாவுக்கும் ஓமவல்லிக்கும் விதை தேடுவது வீண் சிரமம். சமையலுக்கு வாங்கிய புதினாக் கட்டிலேயே நல்ல தண்டு கிடைக்கும்.

அஞ்சறைப்பெட்டி வற்றலின் விதையும் முளைக்கும். ஆனால் மிளகாயில் அயல் மகரந்தச் சேர்க்கை மிகுதியாதலால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வருமென்ற உறுதியில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு கடலோர மாவட்டத்து ரகமாதலால் அதன்மேல் ஆசை எழுவது இயல்பே. எனினும் அதன் கீர்த்தி வற்றலில்தான். பச்சை மிளகாய் வேண்டுவோர் விதைக்கடைப் பொட்டலம் வாங்குவதே மேல். கோ, கே, பிகேஎம் என்ற எழுத்துகள் முறையே கோயம்புத்தூர், கோவில்பட்டி, பெரியகுளம் ஆராய்ச்சி நிலையங்களைக் குறிப்பன. அந்த ரகங்களைத் தனியே வளர்த்தால் அடுத்த போகத்துக்கும் விதை எடுத்துவைக்கலாம். வீரிய ஒட்டு விதையில் அந்தச் சௌகரியம் இல்லை.

மண்ணா, தென்னை நார்க்கழிவா என்றால், நாற்றுக்கு நார்க்கழிவையே சொல்வேன். லேசானது, ஈரம் காப்பது. ஆனால் அதிலும் உப்பு இருக்கக்கூடும். இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்து, சத்துக்காக மண்புழு உரம் கலந்த பின்னரே நிரப்ப வேண்டும். போர் தண்ணீர் கரிக்கும் தெருக்களில் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைக் காணலாம். முதிர்ந்த செடி ஒருவாறு தாங்கும் அதை இளநாற்று தாங்காது. அதற்கு மெட்ரோ வாட்டரோ, பிடித்துவைத்த மழைநீரோதான் வார்க்க வேண்டும்; அதையும் அளவோடு, ஏனெனில் ஈரம் தேங்கினால் தண்டு மண்மட்டத்தில் கறுத்துச் சாயும் நாற்றழுகல் வந்துவிடும்.

முளை தலைகாட்டிய அன்றே தட்டை வெளிச்சமுள்ள கிழக்கு ஜன்னலுக்கு மாற்றிவிட வேண்டும். இருட்டில் நின்றால் தண்டு வெளுத்து நீண்டு, தன் பாரத்தையே தாங்காமல் சரியும். ஐப்பசிக் கடைசியில் விதைத்தால் மழை ஓயும் மார்கழியில் நாற்று தயாராகும். அப்போது ஒரு வாரம் மாடியின் இளவெயிலில் சில மணி நேரம் வைத்துப் பழக்கி, கடற்காற்றுக்கு மறைவாகக் கைப்பிடிச் சுவரோரம், ஒரு மாலைப் பொழுதில், வேர்மண் உதிராமல் நட வேண்டும்.